தோஷிஷாவை நிறுவிய நீஜிமா ஜோ: இவரை இறையியலாளர் என்று சொல்லலாமா?

கமோகரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கியோட்டோவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் இமதேகாவா ஸ்டேஷனில் இறங்கித்தான் ஆபீஸ் போகிறேன். படியேறி வெளியே வந்தால் பழைய அரண்மனைத் தோட்டத்துக்கு வடக்கே செங்கல் கட்டடங்களாக நிற்பது தோஷிஷா பல்கலைக்கழகம். இத்தனை நாள் கடந்து போனேனே தவிர உள்ளே போனதில்லை. போன வாரம் கூட வேலை பார்க்கும் ஒருவர் (அங்கே படித்தவர்) ஹாரிஸ் அறிவியல் கூடத்தில் இருக்கும் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே துண்டு துண்டாக உடைந்த ஒரு கைத்தடியைப் பார்த்தேன். எங்கள் நிறுவனர் இதை வைத்துத் தன் கையைத் தானே அடித்துக்கொண்டார் என்றார். மேலே கேட்பதற்குள் வேறு கூட்டம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு இடத்தில் மதபோதகர் என்கிறார்கள், ஒரு இடத்தில் கல்வியாளர், இன்னொரு இடத்தில் புராட்டஸ்டன்ட் இறையியலாளர். இறையியல் படித்தவர் என்பது சரி, ஆனால் அவர் பெயரில் பெரிய இறையியல் நூல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று, நாட்டை விட்டுத் தப்பி ஓடினால் தலை போகும் என்றிருந்த காலத்தில் ஓடிப்போன ஆள், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து கியோட்டோவில், அதுவும் புத்தக் கோயில்களுக்கு நடுவில், எப்படிக் கிறிஸ்தவப் பள்ளி தொடங்க முடிந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

---

வைகைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி சகோ. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1843 பிப்ரவரி 12-ஆம் தேதி எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அன்னாகா என்ற சிறிய சிற்றரசுக்கு ஊழியம் செய்த சாமுராய் குடும்பத்தில் பிறந்தார். வரிசையாக நாலு பெண் பிறந்த வீடு, ஐந்தாவதாக ஆண் என்றதும் தாத்தா சந்தோஷத்தில் 'ஷிமேத்தா!' என்று கத்தினாராம், நாம் 'அப்பாடா, கிடைத்துவிட்டது' என்போமே, அந்த மாதிரி. அதுவே குழந்தைக்குப் பெயராகிவிட்டது, ஷிமேத்தா. இளம் வயதில் டச்சு படித்தார், கடலில் நின்ற டச்சுப் போர்க்கப்பலைப் பார்த்து நம் நாடு எங்கே நிற்கிறது என்று கலங்கினார். அப்புறம் சீன மொழியில் எழுதிய அமெரிக்க வரலாறு ஒன்று கைக்கு வந்தது. மக்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏழைப் பிள்ளைக்கும் இலவசப் பள்ளி இருக்கிறது என்று படித்தபோது மூளை உருகி வழிந்துவிடும் போல இருந்தது என்று பிற்பாடு தன் உடைந்த ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்.

1864-இல் வடக்கே ஹாகோடாட்டே துறைமுகத்துக்குப் போகிறார். அங்கே ரஷ்யப் பாதிரியார் நிக்கோலாய் வீட்டில் தங்கி அவருக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்தார் (இந்த நிக்கோலாய்தான் பிற்காலத்தில் ஜப்பானில் ஆர்த்தடாக்ஸ் சபையை வேரூன்ற வைத்தவர்). ஜூலை மாதம் ஒரு நள்ளிரவில், வெள்ளைக்காரர் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ஃபுகுஷி உனோகிச்சி என்ற நண்பர் படகு வலிக்க, 'பெர்லின்' என்ற அமெரிக்கக் கப்பலில் ஏறி ஒளிந்துகொண்டார். அவரை ஏற்றிக்கொண்ட கேப்டன் சேவரிக்குப் பிற்பாடு இதனாலேயே வேலை போனது. ஷாங்ஹாயில் 'வைல்ட் ரோவர்' என்ற இன்னொரு கப்பலுக்கு மாறினார். அதன் கேப்டன் ஹொரேஸ் டெய்லருக்கு ஷிமேத்தா என்று கூப்பிட வராததால் 'ஜோ' ஆக்கிவிட்டார். சாமுராய் வீட்டுப் பிள்ளை கேப்டனின் அறையைப் பெருக்கி, பாத்திரம் துணி கழுவி ஊழியம் செய்தார். ஹாங்காங் வந்தபோது சீன மொழிப் புதிய ஏற்பாடு ஒன்று வாங்க வேண்டும், கையில் காசில்லை. தன் சிறிய வாளைக் கேப்டனிடமே எட்டு டாலருக்கு விற்று வாங்கினார். சாமுராய்க்கு வாள் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். எனக்கு அவர் வாழ்க்கையே அந்த இடத்தில்தான் திரும்புகிறது என்று தோன்றும்.

1865 ஜூலையில் பாஸ்டன். கப்பலின் முதலாளி அல்ஃபியஸ் ஹார்டி, 'ஏன் ஓடி வந்தாய், எழுதிக் கொடு' என்றார். எழுதிக் கொடுத்ததைப் படித்து அவரும் அவர் மனைவி சூசனும் மனம் இளகி, பெற்ற பிள்ளை மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பிலிப்ஸ் அகாடமி, பிறகு ஆமர்ஸ்ட் கல்லூரி. 1870-இல் மேற்கத்தியக் கல்லூரி ஒன்றில் பட்டம் வாங்கிய முதல் ஜப்பானியர் அவர்தான். அதன் பின் ஆண்டோவர் இறையியல் கல்லூரி, 1874-இல் முடித்தார், அதே செப்டம்பரில் குருப்பட்டம்.

நடுவில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1872-இல் ஜப்பான் அரசின் இவாகுரா தூதுக்குழு வாஷிங்டன் வந்தது, கல்வி அதிகாரி தனாகா ஃபுஜிமாரோவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. மற்ற ஜப்பானிய மாணவர்கள் எல்லாம் குனிந்து வணங்கி நிற்க, இவர் ஒரு மூலையில் நிமிர்ந்து நின்றார். நான் அரசாங்கக் காசில் படிக்கவில்லை, என்னை வேலைக்கு வைத்துக்கொள்வதென்றால் சம்பளம் பேசிச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள், உத்தரவு போடாதீர்கள் என்பது அவர் நிலை. தனாகாவே வந்து கை குலுக்கித் தலை குனிந்தார். சட்டப்படி பார்த்தால் அதற்கு முந்தைய வருடம் வரைக்கும் இவர் நாட்டை விட்டு ஓடியவர், மன்னிப்பும் பாஸ்போர்ட்டும் 1871-இல்தான் வந்திருந்தன. அந்தக் குழுவோடு ஐரோப்பா முழுக்கப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் சுற்றிப் பார்த்தார். பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயணத்தில்தான் கெட்டிப்பட்டது என்று நினைக்கிறேன்.

கியோட்டோ கதையை வேறு யாராவது சொல்வார்கள், எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வருகிறேன்.

---

வட்டுக்கோட்டையான் எழுதியது:

வைகைக்கரை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதை யாரும் சேர்த்துக் கதைப்பதில்லை.

நீஜிமாவை ஜப்பானுக்கு அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்ட் என்ற மிஷனரிச் சங்கம். யாழ்ப்பாணத்துக்கு 1816-இல் வந்த அதே அமெரிக்கன் மிஷன், 1834-இல் மதுரைக்குப் போனதும் அவர்கள்தான். வட்டுக்கோட்டையில் 1823-இல் அவர்கள் தொடங்கிய செமினரியில் வானசாஸ்திரமும் கணிதமும் தமிழும் ஆங்கிலமும் ஒரு பல்கலைக்கழகத் தரத்தில் நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அப்படிப்பட்ட பள்ளியை 1855-இல் மூடிவிட்டார்கள். போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்து, உயர்கல்விக்கும் ஆங்கிலத்துக்கும் காசு செலவழித்தால் பெடியன்கள் அரசாங்க உத்தியோகத்துக்குத்தான் போகிறார்கள், சபை வளரவில்லை, ஊர் மொழியில் பிரசங்கமும் சிறு பள்ளியும் போதும் என்று கொள்கை வகுத்தார். பிறகு ஊர்ச் சனங்கள் விடாமல் நின்று 1872-இல்தான் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1874 அக்டோபர் 9-ஆம் தேதியைப் பாருங்கள். வெர்மான்ட் மாநிலத்தில் ரட்லண்ட் என்ற ஊரில் போர்டின் ஆண்டுக் கூட்டம். நீஜிமாவுக்கு விடைபெற்று நாலு வார்த்தை பேசத்தான் இடம் கொடுத்திருந்தார்கள். அவரோ மேடையில் நின்று, என் நாட்டில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி வேண்டும், அதற்குப் பணம் கிடைக்காமல் நான் திரும்பிப் போக மாட்டேன் என்று அழுதுகொண்டே கேட்டார். உயர்கல்வி என்றால் முகம் சுளித்துப் பழகிய ஒரு நிறுவனத்தின் மேடையில் கேட்கிறார்! ஹார்டியே இதற்கு முன் அவருக்குப் பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் இருந்த, முன்பு சீனாவில் மருத்துவ ஊழியம் செய்த பீட்டர் பார்க்கர் எழுந்து ஆயிரம் டாலர் என்றார், வெர்மான்ட்டின் ஆளுநராக இருந்த பேஜ் இன்னொரு ஆயிரம். நீஜிமா உட்காருவதற்குள் ஏறக்குறைய 5,000 டாலர் சேர்ந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் வயதான ஒரு விவசாயி வந்து இரண்டு டாலரை அவர் கையில் வைத்தார். வீட்டுக்குப் போக ரயில் சார்ஜுக்கு வைத்திருந்தது, என் கால்கள் இன்னும் திடமாக இருக்கின்றன, நடந்து போய்க்கொள்கிறேன் என்றார். பிறகு ஒரு விதவைத் தாயும் இரண்டு டாலர் கொடுத்தார். நீஜிமா சாகும் வரைக்கும் ஆயிரங்களைவிட இந்த நாலு டாலரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். எங்கள் ஆட்களும் பிடி அரிசி சேர்த்துச் சபை கட்டிய சனங்கள், அதனால் இதை வாசித்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஜப்பானில் கிறிஸ்தவத்தைத் தடை செய்யும் அறிவிப்புப் பலகைகளை 1873-இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் மனதிலிருந்து எடுக்கவில்லை. முதலில் ஒசாகாவில் முயன்றார், மிஷனரிமார் பாடம் எடுப்பதென்றால் அனுமதி இல்லை என்று ஆளுநர் மறுத்துவிட்டார். கியோட்டோவில் கை கொடுத்தவர் யமாமோட்டோ காகுமா, அய்சு நாட்டுச் சாமுராய், மாகாண அரசின் ஆலோசகர், கண் பார்வை போய் நடக்கவும் முடியாதவர். தலைநகரம் டோக்கியோவுக்குப் போன பிறகு கியோட்டோ வாடிக் கிடந்தது, ஊர் பிழைக்கப் புதுக் கல்வி வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சாட்சுமா சிற்றரசின் மாளிகை இருந்த தன் நிலத்தைக் கொடுத்ததும் அவர்தான், நீங்கள் தினமும் தாண்டிப் போவது அந்த மண்தான். பெயர் வைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. தோஷிஷா என்றால் ஒரே நோக்கம் கொண்டவர்களின் சங்கம். அப்படியும் புத்த குருமார் எதிர்த்தார்கள், பள்ளிக்குள் பைபிள் பாடம் நடத்த மாட்டேன் என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது, பைபிளை வீட்டில் வைத்து நடத்தினார். 1875 நவம்பர் 29 காலை ஜெபத்தோடு தொடங்கியபோது மாணவர் எட்டுப் பேர், ஆசிரியர் நீஜிமாவும் அமெரிக்கர் ஜெரோம் டேவிசும். அவ்வளவுதான்.

---

பாளை_டீச்சர் எழுதியது:

கமோகரை தம்பி கேட்ட முதல் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, இறையியலாளரா இல்லையா என்பது.

எனக்கு இருபத்தெட்டு வருடப் பள்ளிக்கூட அனுபவம், அதில் நின்று பேசுகிறேன். நூல் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் வந்த சபை காங்கிரிகேஷனல் சபை. அங்கே பிஷப் கிடையாது, ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும், கடவுளுக்கு முன்னால் குருவும் சரி, பின் பெஞ்சில் இருப்பவரும் சரி ஒன்றுதான். இந்த நம்பிக்கையை அவர் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திக் காட்டினார். மாணவர்களைப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார், நாம் 'வாங்க, போங்க' என்கிற மாதிரி. பள்ளியில் எடுபிடி வேலை பார்த்த மட்சுமோட்டோ கோஹேயை எல்லாரும் பெயர் சொல்லி விரட்டுவார்கள், இவர் மட்டும் 'கோஹே-சான்' என்பார். நம் ஊரில் பியூனை 'நீங்க' என்று கூப்பிடும் தலைமை ஆசிரியரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அந்தத் தடி விஷயம் 1880-இல் நடந்தது. நீஜிமா ஊழியத்துக்கு வெளியூர் போயிருந்தபோது ஆசிரியர்கள் இரண்டு வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். மேல் வகுப்புப் பையன்களுக்குப் பொறுக்கவில்லை, எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று வகுப்பைப் புறக்கணித்தார்கள். திரும்பி வந்தவர் சமாதானம் பேசிப் பையன்களை வகுப்புக்கு வரவைத்தார். ஆனால் அனுமதி இல்லாமல் வகுப்பைப் புறக்கணித்தால் தண்டனை என்பது விதி, விதியை எப்படி விடலாம் என்று மற்ற மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பையன்களைத் தண்டித்தால் அநியாயம், ஆசிரியர்களைக் குறை சொன்னால் அவர்கள் தலை குனிவார்கள், விட்டுவிட்டால் விதி செத்துப்போகும்.

ஏப்ரல் 13 காலை ஜெபக்கூட்டம். மேடையில் ஏறினார். தப்பு மாணவர்களிடமும் இல்லை, ஆசிரியர்களிடமும் இல்லை, பள்ளிக்குத் தலைவனான என்னிடம்தான், அதனால் தலைவனுக்குத் தண்டனை என்று சொல்லி, வலது கையில் இருந்த தடியால் இடது கையை ஓங்கி ஓங்கி அடித்தார். தடி உடைந்து சிதறியது, அவர் நிறுத்தவில்லை. மாணவர்கள் அழுதுகொண்டே ஓடிப் போய்க் கையைப் பிடித்துத்தான் நிறுத்தினார்கள். துண்டுகளை ஒரு மாணவர் பொறுக்கி எடுத்து வைத்ததால்தான் நீங்கள் கண்ணாடிக்குள் பார்த்தீர்கள்.

பிறருடைய குற்றத்துக்கான அடியைத் தான் வாங்கிக்கொள்வது என்பது கிறிஸ்தவ இறையியலின் நடு மையம் தம்பி. அதை வைத்துப் புத்தகம் புத்தகமாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். இவர் பதினைந்து பதினாறு வயதுப் பையன்களுக்கு முன்னால் தன் கையில் எழுதிக் காட்டினார். என்னைக் கேட்டால் இறையியலாளர்தான், சந்தேகமே இல்லை.

---

வைகைக்கரை எழுதியது:

டீச்சர், மதித்துச் சொல்கிறேன், முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாணவர்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தன்னை அடித்துக்கொள்வது அவர்கள் மனதில் எவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றும்? அந்தச் சம்பவம் சிக்கலைத் தீர்த்துவிடவும் இல்லை. அடுத்த மாதமே டோக்குடோமி சோஹோ உட்பட சில மாணவர்கள் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது வேறு. 1884-இல் உடம்பு தேறட்டும் என்று ஐரோப்பா அனுப்பினார்கள், சுவிட்சர்லாந்தில் செயின்ட் கோட்டார்ட் கணவாயில் ஏறும்போது இதயம் நின்றுவிடும் போலாகி, அங்கேயே விடுதியில் உட்கார்ந்து உயில் எழுதினார். தன் தலைமுடியில் ஒரு கற்றையை வெட்டி மனைவிக்கு அனுப்பச் சொல்லி. பிழைத்தார். அவ்வளவுக்குப் பிறகு மனிதர் ஓய்வெடுத்தாரா? 1887-இல் மருத்துவமனையும் தாதியர் பள்ளியும், 1888 நவம்பரில் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் பல்கலைக்கழகத்துக்கான அறிக்கை. ஒரு நாட்டின் கல்வியை அரசாங்கத்தின் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது, மக்கள் தங்கள் கையால் ஒரு பல்கலைக்கழகம் கட்ட வேண்டும் என்று எழுதினார். அப்போது ஜப்பானில் இருந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம், டோக்கியோவில், அரசாங்கத்தினுடையது. அமைச்சர்கள், வியாபாரிகள் என்று கிறிஸ்தவர் அல்லாதவர்களிடமும் போய்க் கேட்டார், வெளியுறவு அமைச்சர் ஓகுமா வீட்டுக் கூட்டம் ஒன்றிலேயே 31,000 யென் வாக்குறுதி வந்தது. அமெரிக்காவில் ஹாரிஸ் என்பவர் அறிவியல் பள்ளிக்கு 1,00,000 டாலர் கொடுத்தார், நீங்கள் தடியைப் பார்த்த கட்டடம் அந்தக் காசில் வந்தது.

நிதி திரட்டப் போன இடத்தில் விழுந்தார். 1890 ஜனவரி 23-ஆம் தேதி, ஓயிசோ என்ற கடலோர ஊரில் ஒரு விடுதியில் போய்ச் சேர்ந்தார். வயது 46. பல்கலைக்கழக அந்தஸ்து வருவதற்கு 1912, முழுச் சட்டப்படி 1920 ஆனது.

கடைசி உயிலைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் யார் தெரியுமா? பத்து வருடத்துக்கு முன் கோபித்துக்கொண்டு போன அதே டோக்குடோமி. அதில் மாணவர்களை மரியாதையாக நடத்துங்கள், கட்டுக்கு அடங்காத துடிப்பான பிள்ளைகளை அழுத்தி வைக்காதீர்கள், பள்ளி பெரிதாக ஆக ஆக இயந்திரம் மாதிரி ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. தன்னை விட்டுப் போன பையன் கையாலேயே இதை எழுத வைத்திருக்கிறார்.

---

பாளை_டீச்சர் எழுதியது:

பாரத்தை ஏற்றும் என்று நீங்கள் சொன்னது உண்மைதான், நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஆனால் டோக்குடோமி திரும்பி வந்தாரே, அதற்கும் அந்தக் காலைக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மனைவியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காகுமாவின் தங்கை யாயே, 1868 உள்நாட்டுப் போரில் அய்சு கோட்டைக்குள் தலைமுடியை வெட்டிக்கொண்டு துப்பாக்கி எடுத்துச் சுட்டவர். கிறிஸ்தவரோடு நிச்சயம் ஆனதுமே பெண்கள் பள்ளியில் பார்த்த வேலை போனது. 1876 ஜனவரியில் கல்யாணம். ஊரே பார்க்கக் கணவனோடு சமமாக ரிக்ஷாவில் உட்கார்ந்து போவார், கணவனை 'ஜோ' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கிமோனோவுக்கு மேல் மேல்நாட்டுத் தொப்பி. மாணவர்களே ஏளனம் செய்தார்கள். நீஜிமாவோ ஹார்டி அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், அவள் அழகி இல்லை, ஆனால் அவள் செய்வதெல்லாம் அழகு என்ற அர்த்தத்தில் எழுதினார். கணவர் போன பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து இரண்டு போர்களில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்.

---

கமோகரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வட்டுக்கோட்டை அண்ணா, 1855-ஐயும் 1874-ஐயும் சேர்த்துச் சொன்னது எனக்கு முற்றிலும் புதிது. இங்கே ஆபீஸில் இருப்பவர்களிடம் சொன்னேன், யாழ்ப்பாணம் எங்கே என்று மேப்பில் தேடிப் பார்த்தார்கள்.

இன்று விடுமுறை, காலையிலேயே நீஜிமாவின் கல்லறை இருக்கும் நியாகுவோஜி குன்றுக்குப் போனேன். தத்துவப் பாதை முடியும் இடத்திலிருந்து மேலே ஏற வேண்டும், இருபது நிமிடம் போல, ராத்திரி மழையில் வேர்கள் எல்லாம் வழுக்கின. அவருடைய அப்பாவைப் புதைத்த கோயில் நிலத்தில் இவருக்கு இடம் தர மறுத்துவிட்டார்களாம், அதனால்தான் மாணவர்கள் சவப்பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு இந்தப் பாதையில் ஏறியிருக்கிறார்கள். ஜனவரி மாதத்தில், அந்தச் செங்குத்தில். கையை வீசிக்கொண்டு ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது.

கல்லில் எழுத்து அந்தக் கால அரசியல் தலைவர் காட்சு காய்ஷு எழுதிக் கொடுத்ததாம். பக்கத்தில் யாயே, கொஞ்சம் தள்ளி காகுமா, டேவிஸ். கோஹே-சான் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது டீச்சர். செத்த பிறகும் வாசலில் காவல் நிற்கிறேன் என்று சொன்னாராம். உங்கள் பதிவைப் படிக்காமல் போயிருந்தால் அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பேன்.

இறையியலாளரா என்ற கேள்வியில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஹார்டியின் மகன் 1891-இல் தொகுத்த அவருடைய கடிதங்கள் நூலகத்தில் இருக்கின்றன என்று சொன்னார்கள், அதைப் படித்துவிட்டு இதே இழையில் எழுதுகிறேன்.